செல் நாடகம்

அறிவியல் வாத்தியார் செல் சவ்வை முழங்கையில் சுற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். சவ்வு என்றால் வேறொன்றுமில்லை, துணி காயப்போடுகிற நைலான் கயிறுதான். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் செல் பாடம் வரும்போது பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு, இந்தக் கயிற்றைத் தரையில் வட்டமாகப் போட்டு, பிள்ளைகளை அதற்குள் இறக்கிவிடுவார். கயிற்றோரம் நிற்கிற இரண்டு பேர் சவ்வு. யாரை உள்ளே விடலாம், யாரைத் துரத்தலாம் என்பது அவர்கள் பொறுப்பு. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் உட்கரு. துரை இடத்தை விட்டு அசையமாட்டார், துண்டுச்சீட்டில் உத்தரவு மட்டும் எழுதி அனுப்புவார். அதைப் படித்துக் காகிதக் கப்பல் மடிக்கிறவர்கள் ரைபோசோம்கள். மடித்ததைப் பொட்டலம் கட்டி விலாசம் எழுதுகிறவள் கோல்கை. குப்பையை அள்ளுகிறவன் லைசோசோம். அந்த வேஷத்துக்கு எப்போதும் அடிபிடி. இத்தனை பேருக்கும் ஓடி ஓடிச் சாக்பீஸ் துண்டு கொடுப்பது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. சாக்பீஸ்தான் சக்தி. கையில் அது இல்லாதவர் ஒரு வேலையும் செய்யக்கூடாது. படித்துப் போனவர்கள்கூடக் கடைத்தெருவில் பார்த்தால் 'செல் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் உள்ளுக்குள் அதில் குளுகுளுவென்றிருக்கும்.

கயிற்றை ஆணியில் மாட்டித் திரும்பியபோது வாசலில் ஒரு பெண்மணி மூச்சு வாங்க நின்றிருந்தார். ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடி. கழுத்தில் அளவெடுக்கிற டேப் தொங்கியது. கழற்றி வைக்க மறந்து கிளம்பியிருக்க வேண்டும். மகளின் பேரைச் சொல்லி, "அவளோட அம்மா சார். டெய்லர் வேலை பாக்கறேன்" என்றார்.

பேரைக் கேட்டதும் வாத்தியாருக்கு முகம் நினைவுக்கு வரவில்லை, பட்டப்பேர்தான் முதலில் வந்தது. ஜீரோ சார்ஜ். ஜன்னலோரம் உட்கார்ந்து எப்போதும் பெஞ்சில் கவிழ்ந்திருப்பாளே, அந்தப் பெண்.

"உக்காருங்கம்மா. என்ன, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார். இத்தனை நாள் யாரிடமும் கேட்காமல் இருந்துவிட்டு இப்போது கேட்பது அவருக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

"ஆஸ்பத்திரியும் வீடுமா அலையறோம் சார். எப்படியாவது உங்களைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடணும்னு வந்தேன்." தையற்காரம்மா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார். "வீட்ல அத்தனை பேரும் அவளைச் சோம்பேறின்னே முடிவு கட்டிட்டோம் சார். பெத்தவ நானே முதுகுல ரெண்டு வெச்சிருக்கேன். நீங்க ஒருத்தர்தான் கண்டுபிடிச்சீங்க."

"நானா?"

"நீங்கதானே சார், உனக்கு மைட்டோகாண்ட்ரியாவே இல்லைன்னு நெனைக்கிறேன், போய் டாக்டர்கிட்ட காட்டுன்னு சொல்லியனுப்பினீங்க? அவ வந்து சொன்னா. வாயில நொழையாத பேரு, சீட்டுல எழுதி வாங்கிட்டுப்போய் எங்க தெரு டாக்டர்கிட்ட காட்டினேன். அவரு மொதல்ல சிரிச்சாரு. அப்புறம் இவளை உக்காரு, எந்திரின்னு திரும்பத் திரும்ப சொல்லிப் பாத்தாரு. சிரிப்பு நின்னுபோச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு. அங்க தொடையிலேருந்து துளி சதை எடுத்துப் பாத்துட்டு, நீங்க சொன்னதேதான்னுட்டாங்க சார். அது இருக்காம். ஆனா சரியா வேலை செய்யலையாம்."

வாத்தியார் ஆணியில் தொங்கிய கயிற்றைப் பார்த்தார்.

அவள் வகுப்பு செல் நாடகம் போட்ட அன்றைக்கு மைட்டோகாண்ட்ரியா வேஷத்தை அவளுக்கு அவர்தான் கொடுத்தார், அதுவும் வேண்டுமென்றே. கொஞ்சம் ஓடட்டும், தூக்கம் தெளியட்டும் என்று. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஆடு, ஆடு, தலை மட்டும் நல்லா ஆடுது" என்று சாக்பீஸ் டப்பாவைக் கையில் திணித்தார். உட்கருவுக்குக் கொடுத்தாள், ரைபோசோம்களுக்குக் கொடுத்தாள், கோல்கைக்கு நீட்டும்போது கை நடுங்கியது. அப்படியே கயிற்று வட்டத்தின் நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டப்பா உருண்டது. வகுப்பே அவர் முகத்தைப் பார்த்தது. அந்த நேரத்தில் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியதோ, "போச்சு! மைட்டோகாண்ட்ரியா படுத்துடுச்சு! செல் செத்துப்போச்சு!" என்று கத்தினார். அவ்வளவுதான். உட்கரு நாற்காலியிலிருந்து சரிந்தான், சவ்வு இரண்டும் மல்லாந்தன, லைசோசோம் நாக்கைத் தள்ளிக்கொண்டு கண்ணைச் சொருகினான். இத்தனை வருஷத்தில் அந்த நாடகம் அப்படிக் களைகட்டியதே இல்லை. சிரித்துச் சிரித்து அவருக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் எழுந்து போகும்போதுதான் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது.

அதோடு விட்டிருக்கலாம். அவள் மூன்று மாடி ஏறித் தாமதமாக வந்து வாசலில் நிற்கிறபோதெல்லாம் கடைசி பெஞ்சு பொத்தென்று விழுந்து செத்துப்போகும். அவர் அதட்டியதில்லை. ஒன்றிரண்டு தடவை அவரும் மேஜையில் தலையைச் சாய்த்துச் செத்துக் காட்டியிருக்கிறார். தாமதமாக வருகிறவர்கள் அவர் சொல்லும்வரை வாசலில் நிற்க வேண்டும் என்பது அவர் வகுப்பின் வழக்கம். அவளிடம் உட்காரச் சொல்ல எத்தனையோ நாள் மறந்தே போயிருக்கிறார். மாடிப்படித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்தான். செல்லுக்குள் சக்தி எங்கே பிறக்கிறது என்று ஊருக்கே நடித்துக் காட்டியவர்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் துப்பில்லாமல் போயிற்று.

அது வெறும் கிண்டலம்மா. இதைச் சொன்னால் முடிந்தது. "இப்ப எப்படி இருக்கா?" என்றுதான் வாய் கேட்டது.

"முழுசா குணமாகாதாம் சார். மாத்திரை குடுத்திருக்காங்க, அலுப்பு வராம பாத்துக்கணுமாம். அவங்க படம் போட்டுக் காட்டினாங்க, எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. தைக்கிற மெஷின் எல்லாம் நல்லாத்தான் இருக்கு, மோட்டாரு மட்டும் இழுக்க மாட்டேங்குது. அப்படித்தானே?"

"அப்படித்தான்மா. கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் திணறும். சதைக்குத்தான் சக்தி நெறைய வேணும், அதனால மொதல்ல அங்கதான் தெரியும்."

தையற்காரம்மா டேப்பின் நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"இன்னொண்ணு சொன்னாங்க. இவளுக்கு வந்திருக்கற வகை அம்மாகிட்டேருந்து வர்றதாம். அப்பாவுக்கு இதுல பங்கே இல்லையாமே? நெஜமா சார்?"

வருஷா வருஷம் இதைச் சொல்லும்போது பையன்கள் மேஜையைத் தட்டுவார்கள், பெண்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். இப்போது அதே விஷயத்தை அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "அம்மாவோட கருமுட்டையில இருக்கறதுதான் கொழந்தைக்குப் போகும். அப்பாவோடது தங்காது."

"அப்ப நான் குடுத்ததுதான்."

"தெரியாம குடுத்தது எப்படிம்மா தப்பாகும்? உங்களுக்குள்ள அப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிச்சது தெரிஞ்சுதானே சார் அடிச்சேன்" என்றார் அந்தம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தம்மாவாவது செய்ததை மறைக்கவில்லை. வாத்தியாரோ நன்றியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"ஒரு உதவி சார். இனிமே பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. ஏன்னு கேட்டா படி ஏற முடியலைங்கறா. ஹெட்மாஸ்டரு கிளாஸையே கீழ மாத்தித் தர்றேன்னுட்டாரு, அப்பவும் முடியாதுங்கறா. கீழதான் உக்காந்திருக்கா. நீங்க சொன்னா கேப்பா."

வாத்தியார் எழுந்தார். இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் இங்கே சொல்லிவிடலாம், இங்கே சொல்லிவிடலாம் என்று பார்த்தார். முன்னால் போன தையற்காரம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "உங்களை மாதிரி ஒருத்தர் கெடைக்கணுமே சார்" என்று ஆரம்பிப்பார். வாத்தியார் அடுத்த திருப்பத்துக்கு ஒத்திப்போடுவார்.

கீழ்ப்படியில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் அவள். பையை மடியில் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் வைத்து, இடத்தை அடைத்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அவரைப் பார்த்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"உக்காரும்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தது போல மெதுவாகச் சொன்னாள். "சார், அன்னிக்கு நான் நடிக்கல சார்."

"என்னிக்குடி?" என்றார் அம்மா.

மணி அடித்தது. மேலே கதவுகள் திறந்தன, மூன்று மாடிக் கால்களும் படியில் தடதடவென்று இறங்கின. முன்னால் வந்தவன் அன்றைய லைசோசோம். அவளைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. பொல்லாப்பு ஒன்றும் நினைத்திருக்கமாட்டான். பல நாள் கழித்துப் பார்த்த சந்தோஷம். "டேய், வந்துட்டாடா!" என்று கத்திவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே சரிந்து நாக்கைத் தொங்கப்போட்டான். பின்னால் வந்தவன் அவன் மேல் விழுந்தான். உட்கரு கைப்பிடியில் துவண்டான். கண் மூடித் திறப்பதற்குள் படி முழுக்கப் பிணங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குலுங்கிச் சிரிக்கிற பிணங்கள்.

தையற்காரம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு இத்தனை சிநேகிதர்கள் இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது போல ஒவ்வொருவனாகப் பார்த்தார். "இது என்ன சார் வெளையாட்டு?"

அந்தப் பெண் இப்போது பொத்தானைப் பார்க்கவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

வாத்தியார், "நான் சொல்லிக் குடுத்ததும்மா" என்றார். குரல் சரியாக எழும்பவில்லை என்று இன்னொரு தடவை சொன்னார். "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

சிரிப்பு ஒவ்வொருவனாக அடங்கியது. தையற்காரம்மாவின் முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. லைசோசோம் ஒரு கண்ணைத் திறந்து சாரைப் பார்த்தான், எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் படுத்தே கிடந்தான். அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் இரண்டு கையாலும் பையைப் பிடித்து, பாதி தூரம் இழுத்து, ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, மீதியையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒருவர் உட்காரும் அளவுக்குப் படி காலியாக இருந்தது.