காப்பிக் களத்து வீட்டுப்பாடம்

இன்னிக்குக் காலையில நடந்ததை யார்கிட்டயாவது சொல்லலேன்னா எனக்குத் தலை வெடிச்சிடும்.

நான் ராஜரத்தினம். கண்டிக்கு மேல, ஹந்தானை மலைச்சரிவுல ஒரு காப்பித் தோட்டத்துக்கு வாத்தியார். பள்ளிக்கூடம்னதும் பெருசா நெனச்சிடாதீங்க. காப்பி ஸ்டோருக்குப் பின்னால மானாப்புல்லு வேய்ஞ்ச ஒரு கொட்டகை, பத்துப் பிள்ளைங்க, ஏழு சிலேட்டு. அந்த ஏழையும் கண்டியில மஹ்மூத் நானா கடையில கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தேன். அதுலயும் ஒண்ணு விரிசல் விட்டது. உடைச்சிடுவாங்கன்னு பயந்து தினமும் பெட்டியில போட்டுப் பூட்டிடுவேன். பாடம் மத்தியானக் கஞ்சி நேரத்துல ஒரு மணி நேரந்தான். அதுலயும் பாதிப் பிள்ளைங்க தூங்கி விழும். காலையிலேருந்து அம்மாமாரோட பழம் பறிச்சிட்டு வர்ற பிள்ளைங்க, வேற என்ன செய்யும்?

இந்த வருசம் காப்பி காய்ச்சுக் கொட்டுது. மூட்டை வைக்க எடம் பத்தல. கங்காணி வீரையாவுக்கு ரொம்ப நாளாவே என் கொட்டகை மேல கண்ணு. போன ஞாயித்துக்கிழமை வெள்ளைக்காரத் தொரை காதுல போய் ஓதிட்டான். தொரை என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியார், சனிக்கிழமை காலை ஒம்பது மணி. பத்துப் பேர் அவன் பேர் அவன் எழுதணும். ஒண்ணு கொறைஞ்சா பள்ளிக்கூடம் மூடு. அங்க மூட்டை."

அட கடவுளே! பத்துல மூணு பேருக்குத்தான் பேரு எழுத வரும். இருக்கறதோ ஆறு நாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தை வச்சிக்கிட்டு எதைக் கிழிக்கிறது?

திங்கக்கிழமை பிள்ளைங்க முன்னால நின்னு சத்தமா சொன்னேன்: "இன்னியிலேருந்து வீட்டுப்பாடம்! அவங்கவங்க பேரை அவங்கவங்க வீட்டுல நூறு தரம் எழுதணும்!"

பேச்சியம்மா எழுந்து நின்னா. ஒம்பது வயசு, ஆனா வாய் இருக்கே, நாப்பது வயசு. "எதுல எழுதுறது அய்யா? சிலேட்டைத்தான் பூட்டிடுறீங்களே."

நியாயமான கேள்வி. கூலியாளுங்க லயத்துல ஒரு காம்பிராவுல, ஒத்தை அறையில, எட்டுப் பேர் படுக்கிறாங்க. அங்க பிள்ளை எங்க உக்கார்ந்து எழுதும்? அதை யோசிக்க எனக்குப் பொறுமை ஏது? சுர்ருன்னு கோவம் வந்திருச்சு. "எதுல வேணும்னாலும் எழுது! கண்ட எடத்துல எழுது! எழுதாம மட்டும் என் மூஞ்சியில முழிக்காத!"ன்னு கத்திட்டு, ஆளுக்கு ஒரு கரித்துண்டைக் குடுத்தனுப்பினேன்.

கண்ட எடத்துல எழுதுன்னா பிள்ளைங்க நெசமாவே கண்ட எடத்துல எழுதும்னு எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாளே பேச்சியோட அம்மா அழகம்மா வந்து நின்னா. காப்பிக் களத்துல வேலை செய்றவ. காப்பியைக் கிளறுற நீளப் பலகையைக் கையோட தூக்கிக்கிட்டே வந்துட்டா. எனக்கு ஒரு அடி பின்னால போகத் தோணுச்சு, பொய் சொல்லல.

"வாத்தியாரய்யா, இது என்ன அநியாயம்? மாட்டுச்சாணி கரைச்சு மெழுகின சுவரு. கீழேருந்து மேல வரைக்கும் கரியால கிறுக்கி வச்சிருக்கா. அடுப்பூத எழுந்திரிச்சா அந்த எழுத்துலதான் முழிக்கிறேன். சோறாக்கும்போதும் அதான், தலை வாரும்போதும் அதான். பழம் பறிக்கிற கைக்கு இது எதுக்கு? நாளையிலேருந்து அவளை அனுப்ப மாட்டேன்."

"சனிக்கிழமை வரைக்கும் அனுப்பும்மா. அப்புறம் நீ கேக்கவே வேணாம், பள்ளிக்கூடமே இருக்காது"ன்னு நானும் கத்தினேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பலகையைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரும்பிப் போயிட்டா.

புதன்கிழமை பேச்சி வந்துட்டா! வந்ததும் வராததுமா, "அய்யா, எனக்கு ரெண்டு கரித்துண்டு வேணும்"னா. எதுக்குடி ரெண்டுன்னு கேட்டா, சிரிச்சுக்கிட்டே பிடுங்கிட்டு ஓடிட்டா.

என்னத்தைச் சொல்ல, பிள்ளைங்க பிச்சு உதறுதுங்க! வியாழக்கிழமைக்குள்ள பத்துப் பேருக்கும் பேரு வந்திருச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. அன்னிக்கு சாயங்காலம் பார்த்து, பாலம்மாவுக்குக் காய்ச்சல் கொதிச்சு, அவ அப்பன் அவளைத் தோள்ல போட்டுக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டான். பிள்ளை நல்லாயிருக்குன்னு நேத்தே சேதி வந்திருச்சு, ஆனா சனிக்கிழமைக்குத் திரும்ப மாட்டா. ஆக, ஒம்பது பேர்தான். பத்துக்கு ஒண்ணு கொறை. என் தலையில நானே அடிச்சிக்கிட்டேன்.

இன்னிக்குக் காலையில பிள்ளைங்களுக்குப் பரீட்சைக்காக வேலையிலேருந்து லீவு. எட்டரைக்குக் களத்துப் பக்கம் கங்காணி கூச்சல் கேட்டுச்சு. ஓடிப்போய்ப் பார்த்தா, பெருங்களம் முழுக்க வெயிலுக்குப் பரப்பின காப்பியில வரிவரியா எழுத்து! வெளுத்த கொட்டையை விரலால தள்ளி, கீழ இருக்கிற கறுப்புத் தரை தெரியத் தெரிய, ஆள் நீளத்துக்கு எழுதியிருந்துச்சு. பரீட்சைக்கு முன்னால கடைசியா ஒரு தரம் எழுதிப் பார்த்திருக்குதுங்க! எனக்கு ஆனந்தத்துல கண்ணு நிறைஞ்சிருச்சு. அடுத்த நிமிசம் பக்குன்னுச்சு. தொரை வந்து நிக்கிறார், முகம் செக்கச் செவேல்னு.

"பாருங்க தொரை, பள்ளிக்கூடம் படிச்ச லட்சணம்!" கங்காணி கையில பிரம்பு.

தொரை என்னைப் பார்த்தார். "வாத்தியார். யார் செஞ்சது? படி."

அவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது, கங்காணிக்கும் தெரியாது. படிக்க நான் ஒருத்தன்தான். திருட்டு வேலை செஞ்சவன் எங்கயாவது தன் பேரையே எழுதி வச்சிட்டுப் போவானா? இதுங்க வச்சிருக்கு! படிச்சா பிள்ளைங்க முதுகு கிழியும். கிறுக்கல்னு சொன்னா பள்ளிக்கூடம் போயிடும்.

ஸ்டோர்க் கதவுக்குப் பின்னாலேருந்து பேச்சி வெளியே வந்தா. நேரா நடந்து முதல் வரி ஓரமா நின்னா. "நான்தான் எழுதினேன். இது என் பேரு."

அவளுக்குப் பின்னால ஒண்ணொண்ணா எல்லாம் வந்துச்சு. அதது தன் பேருகிட்டப் போய் நின்னுச்சு. ஒருத்தனாவது அடுத்தவன் பேருகிட்டத் தப்பி நிக்கணுமே! நிக்கல. நான் ஒவ்வொண்ணா உரக்கப் படிச்சேன்.

"ஒம்பது!" கங்காணி துள்ளினான். "தொரை சொன்னது பத்து."

தொரை கைத்தடியால மூலையைக் காட்டினார். அங்க பத்தாவதா ஒரு வரி. கோணல்மாணலா, பெருசா. நான் கிட்டப் போய்க் குனிஞ்சு படிச்சேன். அப்படி ஒரு பிள்ளை என் பள்ளிக்கூடத்துல இல்ல.

"அழகம்மா"ன்னேன்.

களத்தோரத்துல பலகையோட நின்னவ தலை குனிஞ்சா. கங்காணி விழுந்து விழுந்து சிரிச்சான். "இவளா? கைநாட்டு வைக்கிறவ! மக எழுதியிருப்பா தொரை, ஏமாந்துடாதீங்க."

அழகம்மா நிமிர்ந்தா. பலகையை எடுத்து வச்சு ஒரே இழுப்பு, அந்தப் பேரு போயிருச்சு. "ஐயோ, ஏம்மா அழிச்ச?"ன்னு நான் அலறிட்டேன்.

"அழிஞ்சா என்ன வாத்தியாரய்யா? எழுதத் தெரியும்ல."

மண்டி போட்டு உக்கார்ந்தா. விரலை வச்சா. அகரம் வந்திருச்சு. அடுத்த எழுத்துல விரல் நின்னுச்சு. பேச்சி உதட்டைக் கடிச்சிக்கிட்டு நிக்கிறா, நான் மூச்சை விடல. மெதுவா சுழிச்சா, கீழ இழுத்தா, முடிச்சா. அப்புறம் நிக்கவேயில்ல. கடைசி எழுத்துக்குக் கால் இழுத்துட்டு, கையைச் சேலையில தொடச்சிக்கிட்டு எழுந்தா.

"அழகம்மா!"ன்னு நான் உரக்கப் படிச்சேன். தொரை அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். கடியாரத்தை எடுத்து மணி பார்த்துட்டுப் பைக்குள்ள போட்டார். "பத்து. கங்காணி, மூட்டைக்கு வேற எடம் பாரு. எல்லாரும் காப்பி சமமாப் பரப்பு." அவ்வளவுதான், போயிட்டார்.

நான் குதிச்சேன். வாத்தியார்ங்கிற மட்டு மரியாதை எல்லாம் காத்துல போயிருச்சு. ஓடிப்போய்ப் பெட்டியைத் தெறந்து சிலேட்டு மொத்தத்தையும் வெளியே எடுத்தேன். ரெண்டு பேருக்கு ஒண்ணு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, உடைஞ்சா உடையட்டும்னு சொல்லிட்டேன். பாலம்மாவுக்கும் ஒண்ணு எடுத்து வச்சேன்.

கூட்டம் கலைஞ்சப்புறம் அழகம்மா வந்தா. மிச்சம் இருந்தது விரிசல் விட்ட சிலேட்டு ஒண்ணுதான். எனக்குக் கூச்சமாப் போச்சு.

"இது உடைஞ்சதும்மா."

"குடுங்க"ன்னு வாங்கி இடுப்புல செருகிக்கிட்டா. "சுவருல இனிமே எடம் இல்ல."