மூன்றாம் நம்பர் லைன்

ராஜஸ்ரீக்கு இப்போது யோசித்தால் தன் மேல்தான் முதலில் ஆத்திரம் வரும். அந்த லைனை எல்லாருக்கும் பொதுவாக்கச் சொன்னதே அவள்தானே.

திருவனந்தபுரம் தம்பானூரில் அந்த டிராவல்ஸ் ஆபீஸில் அவளுக்குப் பதினோரு வருஷம். மூன்றாம் நம்பர் லைன் அவளுடையது. நாகர்கோவில், வள்ளியூர் பக்கமிருந்து காசிக்கும் திருப்பதிக்கும் கூட்டமாகக் கிளம்புகிறவர்கள் அந்த நம்பரில்தான் கூப்பிடுவார்கள். சொந்த செல் நம்பரை வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாது என்பது முதலாளி வெங்கடசுப்ரமணியன் போட்ட சட்டம். அதையும் ஒழுங்காக மதித்துத் தொலைத்தாள்.

சித்திரையில் புது போன் சிஸ்டம் வந்தது. மாட்ட வந்த ஐயப்பன் கேட்டான்: “சேச்சி, மூணாம் லைன் உங்க மேசைக்கு மட்டும் போதுமா, எட்டு போன்லயும் போடணுமா?”

“எட்டுலயும் போடுங்கோ. நான் சாப்பிடப் போனாலும் யாராவது எடுப்பாளோல்லியோ. பாவம், வயசானவா கூப்பிட்டுண்டே இருப்பா.”

போட்டுக் கொடுத்தான். எட்டிலும் மணி அடிக்கும். ஒருவர் எடுத்தால் மற்ற போன்களில் பொத்தான் சிவப்பாக எரியும். அதை அமுக்கினால் நாமும் அதே பேச்சில் சேர்ந்துகொள்ளலாம்.

எடுத்தார்கள், நன்றாகவே எடுத்தார்கள். அதிலும் மஹேஷ், முதலாளியின் அக்கா மகன், வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாதவன், எட்டரைக்கே வந்து உட்கார்ந்துவிடுவான். ஊர்க்காரர்கள் கடை திறக்குமுன் கூப்பிடுகிறவர்கள். இவள் ஸ்ரீவராகத்தில் தன் வீட்டு வேலையை முடித்து ஆபீஸ் வந்து சேர ஒன்பதேகால் ஆகும். பையன் எவ்வளவு சுறுசுறுப்பு என்று நாலு பேரிடம் பாராட்டியும் வைத்தாள், மடச்சி.

மூன்று மாதத்தில் அவளைக் கேட்டு ஒரு போன் வரவில்லை. போன திங்களன்று முதலாளி கூப்பிட்டு, “உன் கஸ்டமர்ஸ் எல்லாம் மஹேஷ்கிட்டதான் பேசறா. உனக்கு இங்க வேலையே இல்லையேம்மா. இந்த மாசத்தோட நிறுத்திக்கோ” என்றார். பதினோரு வருஷம், காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தான் யாரிடம் என்ன தப்பாகப் பேசினோம் என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

இன்று இருப்புக் கொள்ளாமல் எட்டேமுக்காலுக்கே வந்துவிட்டாள். முதலாளியும் வந்து தன் அறையில் இருந்தார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மஹேஷ் முதுகைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மேசையில் மூன்றாம் பொத்தான் சிவப்பாக எரிந்தது. அமுக்கிவிட்டு ரிசீவரைக் காதில் வைத்தாள்.

“நாப்பது டிக்கெட்டும் நானே போட்டுடறேன், அண்ணாச்சி.”

“சரி தம்பி. அந்தப் பிள்ளைய நெனச்சாத்தான் மனசு ஆறல.”

மறுமுனையில் கோட்டாறு ஜவுளிக்கடை தங்கப்பன். வருஷா வருஷம் காசிக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு டிக்கெட் போட்டதில்லை.

“என்ன பண்றது, அண்ணாச்சி. நல்லவாளைத்தான் பகவான் சீக்கிரம் எடுத்துக்கறார்.”

ராஜஸ்ரீக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. வேலையைப் பிடுங்கியது போதாதென்று உயிரோடு பாடையில் ஏற்றிவிட்டானே, படுபாவி. ஊர்க்காரர்கள் ஏன் தன்னைக் கேட்கவில்லை என்பது இப்போது விளங்கியது. செத்தவளை யார் கேட்பார்கள்.

“அண்ணாச்சி, நான் ராஜஸ்ரீ பேசறேன்.”

மஹேஷின் முதுகு விறைத்தது.

“எம்மா,” என்றார் தங்கப்பன். “நீ வைகாசில நெஞ்சுவலில போயிட்டன்னுல்லா சொன்னான். எங்க வீட்ல அவ உனக்காகக் கோயில்ல மோட்ச தீபம் ஏத்திட்டு வந்து அழுதாளே.”

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு நேராக முதலாளியின் அறைக் கதவைத் தள்ளினாள்.

“சார், மூணாம் லைனை எடுங்கோ. இப்பவே எடுங்கோ.”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் எடுத்தார். மஹேஷ் போனை வைக்கப் போனான். “வைக்காதேடா” என்று அவள் போட்ட சத்தத்தில் அவன் கை அப்படியே நின்றது. மேசைக்குத் திரும்பி ரிசீவரை எடுத்தாள்.

“அண்ணாச்சி, லைன்ல எங்க முதலாளியும் இருக்கார், அவனும் இருக்கான். நான் எப்படிச் செத்தேன்னு அவன்கிட்டயே இன்னொரு தடவை கேளுங்கோ.”

“ஏலே,” என்றார் தங்கப்பன், “சொல்லுலே.”