படிக்கட்டின் கீழ் ஒரு சக்கரம்

குகன் காரோட்டுவதைத் தெருவார் தேரோட்டம் என்பர். பிறை நகரிலுள்ள தொழிற்சாலையொன்றில் இயந்திரப் பராமரிப்பாளனாகிய அவனுக்கு, ஒரு லிட்டர் பெட்ரோலில் தன் கார் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதில்தான் கௌரவம் இருந்தது. ஞாயிறுதோறும், சக்கரங்கள் சூடேறுமுன்னரே காற்றழுத்தம் பார்ப்பான். சிவப்பு விளக்கு தொலைவில் தெரியும்போதே முடுக்கியினின்று காலை எடுத்துவிடுவான். பின்பெட்டியில் ஒரு குடையைக்கூடக் கிடக்கவிடான். பாரம் குறைந்தால் எண்ணெய் மிச்சம் என்பது அவனுக்கு வேதவாக்கு. சென்ற தைப்பூசத்துக்குப் பின் ஒருநாள், மாற்றுச் சக்கரத்தையும் ஜாக்கியையும்கூட வெளியே எடுத்து, மாடிப்படியின் கீழ்ச் சந்தில் வைத்துச் சாக்கால் மூடினான். அதனால் விளைந்த ஆதாயம் கண்ணுக்கே தெரியாத அளவுதான். ஆயினும் எடுத்ததை அவன் திரும்ப வைக்கவில்லை. வீட்டில் ஒருவருக்கும் சொல்லவுமில்லை.

இப்பொழுது அவனுடைய தந்தை பக்கிரிசாமி, அதே வீட்டின் கூடத்தில், வடக்குப் பார்த்த சுவரருகே கிடத்தப்பட்டிருந்தார். குகன் வாசலில் நின்றான். வேட்டி மடிப்பில் செருகியிருந்த கார்ச் சாவியை அவன் கை பொத்திக்கொண்டிருந்தது.

"சாவிய குடு மாப்ள," என்றான் சுகுமாரன். குகனின் தமக்கை துளசியின் கணவன் அவன். "ஒட்டுப் போட்ட டயர நம்பி நாளைக்குச் சாம்பல் கரைக்கப் போவ முடியாது லா. ஸ்பேர் டயர எடுத்துக்கிட்டுப் போயி காத்தடிச்சிட்டு வந்துடறேன்."

"அப்புறம் பாத்துக்கலாம் மாமா."

"அப்புறம் எப்போ? எண்ணெய் கொறஞ்சிடும்னு பயமா? மெதுவாத்தான் ஓட்டுவேன் லா!"

தேநீர்த் தட்டுடன் வந்த அண்டை வீட்டு ஹபீபா பீவிக்கு, துக்க வீடென்பதும் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. "காடிய தொட வுடுவானா இவன்? அன்னிக்கு பாசார்ல காய்கறி வாங்கிட்டு வரேன், மழை. பூசணிக்காய எறக்கி வெச்சாத்தான் ஏத்துவேன்னு நின்னான். எங்க பக்கிரி அண்ணன் இருந்ததால, பூசணியோட ஏறுனேன்." சொல்லி முடிக்குமுன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குகன் சிரிக்கவில்லை. சாவியை மடிப்புக்குள் இன்னும் ஆழச் செருகினான்.

நேற்று மாலை தாசேக் கெலுகோரிலுள்ள பெரியம்மா வீட்டுக்குப் போய்த் திரும்புகையில், அப்பாவுக்கு மார்வலி கண்டது. மருத்துவமனையை நோக்கி விரைந்தவேளை, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் முன்சக்கரம் காற்றிறங்கித் தரைதட்டியது. குகன் இறங்கி ஓடிப் பின்பெட்டியைத் திறந்தான். இல்லையென்று தெரிந்திருந்தும் விரிப்பைத் தூக்கிப் பார்த்தான். பின்னிருக்கையில் கணவரின் தலையை மடியில் தாங்கியிருந்த அவன் தாய் சின்னம்மா, "ஸ்பேர் இருக்குல்லடா?" என்று கத்தினாள். தூக்கிய மூடி அவன் முகத்தை மறைத்திருந்தது. அந்த மறைவில் நின்றுதான் அவன் சொன்னான்: "ஸ்பேர்லயும் காத்து இல்லம்மா."

சக்கரம் மாற்ற அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அங்கே நாற்பது நிமிடம் நின்றார்கள். அழைத்த ஆம்புலன்ஸ் வந்தபாடில்லை. இரண்டு லாரிகள் நில்லாமற் போயின. வேலை முடிந்து வந்த இக்மல் என்னும் இளைஞன்தான் தன் காரில் ஏற்றிச் சென்றான். மருத்துவமனை வாசலை எட்டுமுன் அப்பாவின் கை சின்னம்மாவின் கையிலிருந்து நழுவிவிட்டது. குகனின் காருக்கு ஒட்டுப் போட்டு, இன்று காலை கொண்டுவந்து விட்டவனும் அந்த இக்மலே.

தீபாவளிக்குத் தீபாவளி மாற்றுச் சக்கரத்துக்குக் காற்றடிப்பது பக்கிரிசாமியின் வேலை. ஆகையால் சின்னம்மா, வருவோரிடமெல்லாம் ஒன்றையே சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்: "எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செய்யற மனுசன், அந்தக் காத்தடிக்க மறந்துட்டாரே! தன் உயிருக்குத் தானே ஒல வெச்சிக்கிட்டாரே!"

"தம்பி, உங்க தலைக்குத் தண்ணி ஊத்தணும், வாங்க," என்றழைத்தார் காரியம் செய்விக்க வந்த பண்டாரம். "சட்டை, கடிகாரம், இடுப்புல இருக்கறது எல்லாத்தையும் எடுத்துடுங்க. ஈரத்துணியோட நின்னுதான் செய்யணும்."

சுகுமாரனின் உள்ளங்கை நீண்டது. அத்தனை பேர் பார்த்திருக்க, குகனால் மறுக்க இயலவில்லை.

மூன்றாங் குடம் தலையில் கவிழ்ந்தபோது, நீரோசையினூடே பின்பெட்டியின் தாழ் விடுபடும் ஓசை கேட்டது. குகன் திரும்பிப் பாராமல் நடந்தான். வாய்க்கரிசி இடுகையில் அரிசி அப்பாவின் மோவாயில் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். தலை நிமிர்த்தினால் சுகுமாரன் நிற்பானோ என்று அஞ்சி, பொறுக்கி முடிந்த பின்னும் குனிந்தே இருந்தான்.

சுகுமாரன் அவனைத் தோளில் தொட்டுப் படிக்கட்டோரம் அழைத்துச் சென்றான்.

"ஸ்பேர் எங்க?"

குகன் சாக்கைப் பார்த்தான்.

"எப்பலேருந்து?"

"தைப்பூசத்துக்கு அப்புறம்."

"ஏன்டா?"

"வெயிட்டு, மாமா."

சுகுமாரன் கூடத்தின் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அத்தைகிட்ட வாயத் தொறக்காத. எல்லாரும் சுடுகாட்டுக்குக் கெளம்பட்டும். நான் பின்னாடி தங்கி, இத தூக்கி உள்ள போட்டுடறேன். காத்த எறக்கி வுட்டுட்டா போச்சு. நீ சொன்னது சொன்னதாவே இருக்கும். போனவருக்கு இனிமே என்ன வலிக்கப்போவுது?"

வெளியே சவ ஊர்தி வந்து நின்றது. அப்பொழுதுதான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்திறங்கிய உறவினரிடம் சின்னம்மா மறுபடியும் தொடங்கினாள்: "காத்தடிக்க மறந்துட்டாரே..." வந்தவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பு குகனின் நெஞ்சில் இறங்கியது. அம்மாவின் கண்கள் தன்மீது திரும்பும் நொடியை எண்ணிப் பார்த்தான். இனி எந்நாளும் அவள் தன் கையால் ஒரு வாய்ச் சோறு போடாமற் போகலாம். முகத்தில் விழிக்காதே என்றும் சொல்லலாம்.

குனிந்து சாக்கை விலக்கினான்.

"காத்த எறக்க வேணாம் மாமா."

"பைத்தியமா உனக்கு? தூக்கற நேரத்துலயா?"

"ஊர்திக்காரர கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. நான் சொல்லிட்டுத்தான் அப்பாவ தூக்கணும்."

ஈர வேட்டியுடன் அவன் சக்கரத்தைக் கூடத்துக்குள் உருட்டிவந்தான். அமர்ந்திருந்தவர்கள் ஒன்றும் விளங்காமல் காலை ஒடுக்கி வழிவிட்டனர். அம்மாவின் எதிரே அதைப் படுக்கவைத்து, அருகே உட்கார்ந்தான்.

"அப்பா மறக்கலம்மா. நான்தான் இத வண்டியிலேருந்து எறக்கி வெச்சேன்," என்றான்.

சின்னம்மா அவனைப் பார்க்கவில்லை. கட்டைவிரலைச் சக்கரத்தின்மேல் வைத்து அழுத்தினாள். அது அமுங்கவில்லை. விரலை எடுக்காமல் மீண்டும் அழுத்தினாள்.