உப்புத்தாள் பட்ட கிண்ணங்கள்

ஏழு கிண்ணங்கள். அவற்றில் ஆறைத் தேய்த்துவிட்டார்கள். யார் தேய்த்தது, எதற்குத் தேய்த்தது என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் கோபம் வந்து வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளவும்.

நான் மண்பாண்டம் செய்கிறவள். வீட்டின் பின்னறையில் சக்கரம் இருக்கிறது, அதை ஒட்டிய கொட்டகையில் மின்சூளை. என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பாஸ்போர்ட் அளவுப் படத்தில்கூட நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழும்படி எடுப்பான் என்பதால் தெருவில் அவனுக்கு ‘ஃப்ளாஷ்’ என்றுதான் பெயர். மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

அந்த ஏழு கிண்ணங்களின் பூச்சு கறுப்பு. சும்மா கறுப்பு இல்லை. விளிம்பில் மெலிந்து தேன் நிறமாகும், உள்ளே குனிந்து பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் மாதிரி முகம் தெரியும். அந்தக் கலவைக்கு நாலு வருஷம் ஆனது. அந்தக் கிண்ணங்களைத் தலைநகரத்துக் கண்காட்சிக்கு அனுப்பத் தீர்மானித்தேன். ஐந்து பொருள்களின் படங்களை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால் பிறகு பொருளை அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பதும் பெட்டியில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை நான் மண் வாங்க வெளியூர் போக வேண்டியிருந்தது. படம் எடுக்கும் பொறுப்பைக் கொழுந்தனிடம் ஒப்படைத்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்று, ஃப்ளாஷ் வேண்டாம். இரண்டு, கிண்ணத்தில் வெள்ளைப் பொட்டு விழக் கூடாது. மூன்று, கையைத் துடைத்துவிட்டுத் தொடவும். நான்காவதாக ‘உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே’ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எந்த மனுஷிக்கு அது தோன்றும்?

வியாழக்கிழமை மதியம் மண் மூட்டைகளை இறக்கிவிட்டு உள்ளே வந்தேன். மேசைமேல் ஆறு கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. யாரோ சாம்பலை ஊதிவிட்ட மாதிரி இருந்தன. தூசி என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. விரலால் தடவினேன். சொரசொரப்பும் இல்லை, வழவழப்பும் இல்லை. பக்கத்தில் தண்ணீர் வாளி, அதன் விளிம்பில் கறுப்பு உப்புத்தாள் இரண்டு துண்டு. காருக்கு மறுபடி பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பார்களே, அது.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“தொட்டுப் பாரு. வெண்ணெய் மாதிரி இருக்கும். நேத்துலேருந்து தேச்சுக் கை கழண்டு போச்சு.”

“என்ன பண்ணீங்க?”

“தம்பி எப்படி எடுத்தாலும் ட்யூப்லைட் தெரியுது, ஜன்னல் தெரியுது, அவன் மூஞ்சியே தெரியுது. பளபளப்பு கம்மியா இருந்தா ஜம்முனு வரும்னு சொன்னான். பளபளப்பு கம்மி பண்றதுதானே என் தொழிலே? ஆயிரம் நம்பர் தாள்ல ஆரம்பிச்சு...”

“நம்பர் சொல்லாதீங்க.”

“ஏம்மா, வெள்ளைப் பொட்டு விழக் கூடாதுன்னு நீதானே எழுதி ஒட்டினே?”

அந்த நிமிஷம் நான் என்ன கத்தினேன் என்பதை எழுதப்போவதில்லை. பக்கத்து வீட்டில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கொழுந்தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். “அண்ணி, திட்டறதுக்கு முன்னாடி படத்தைப் பாத்துடுங்க.”

பார்த்தேன். படம் நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பொட்டு இல்லை, ஒரு நிழல் இல்லை. யாரோ செய்த ஆறு நல்ல கிண்ணங்கள். நான் செய்தவை இல்லை.

“இதையே அனுப்பிடலாம் அண்ணி. கண்டிப்பா எடுத்துப்பாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?”

“எனக்குத் தெரியும்ல?”

“மறுபடி பாலீஷ் போட்டுத் தரேம்மா,” என்றார் வீட்டுக்காரர். சொன்னபடி கார் மெழுகை எடுத்துவந்து ஒரு கிண்ணத்தில் பூசித் தேய்த்தார். எண்ணெய் வழியும் முகம் மாதிரி ஆனது.

“திரும்ப சூளையில வெச்சா?”

“வெச்சா பூச்சு உருகி வழிஞ்சு சூளைத் தட்டோட ஒட்டிக்கும். போன வருஷம் மூணு அப்படித்தான் போச்சு. அப்பவும் நீங்க பக்கத்துலதான் நின்னீங்க.”

அவர் மெழுகு டப்பாவை மூடினார்.

ஏழாவது கிண்ணம் குளியலறை ஜன்னலில் இருந்தது. அடிப்பாகம் கொஞ்சம் சாய்ந்துபோனதால் அதில் சோப்பு வைத்திருந்தேன். அது அவர் கண்ணில் படவில்லை, அதனால் பிழைத்தது. கழுவி எடுத்துவந்து மேசையில் வைத்தேன். பின்னறையே அதற்குள் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோவைத் திறக்க வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரையும் வேலைக்கு அனுப்பவில்லை. ஒரு கிண்ணத்தை எப்படிப் படம் எடுப்பது என்பதை இருவரும் நின்று பார்க்கட்டும் என்றிருந்தது.

முதலில் ட்யூப்லைட்டை அணைத்தேன். ஜன்னல் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டினேன். வெயில் அதில் பட்டு, பால் மாதிரி பரவி ஒரு பக்கத்திலிருந்து வந்தது. கொழுந்தன் காமிராவை ஸ்டாண்டில் மாட்டி ஒரு படம் எடுத்தான். திரையில் கிண்ணத்தின் வயிற்றில் மூன்று தலைகள்.

“நான்கூடத் தெரியறேன்,” என்றார் வீட்டுக்காரர்.

“நீங்க தெரிய வேணாம். தள்ளி நில்லுங்க.”

நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் போகவில்லை. விரிப்பைச் சரிசெய்தேன், மேசையைத் திருப்பினேன். எங்கே திருப்பினாலும் திட்டு கூடவே வந்தது. பிறகுதான் பார்த்தேன், கொழுந்தன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

“இத்தனை வருஷமா இந்தச் சட்டையோடதான் படம் எடுக்கறியா?”

“ஸ்டுடியோன்னா நீட்டா இருக்கணும்ல அண்ணி...”

“போய்க் கறுப்புச் சட்டை போட்டுட்டு வா.”

மாற்றிக்கொண்டு வந்தான். ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, காமிராவுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். காமிராவும் அவனும் அட்டைக்குப் பின்னால் மறைந்தார்கள். அவன் பையைத் துழாவியதில் போலரைசர் என்கிற கண்ணாடி வில்லை உறை பிரிக்காமலேயே கிடைத்தது. காமிரா வாங்கியபோது கூட வந்ததாம், என்னவென்று தெரியாமல் வைத்திருந்தானாம். லென்ஸ் முனையில் மாட்டி மெல்லத் திருப்பச் சொன்னேன். திருப்பத் திருப்ப வெளிச்சத் திட்டு வடிந்து, அடியிலிருந்து தேன் நிறம் மேலே வந்தது.

“அடேங்கப்பா!” என்றான். “இன்னும் கொஞ்சம் திருப்பினா மொத்தமும் போயிடும் அண்ணி.”

“மொத்தமும் போனா அது செத்த கிண்ணம். விளிம்புல ஒரு கோடு இருக்கட்டும். அங்கேயே நிறுத்து.”

எடுத்தான். சன்னமாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு விளிம்பைச் சுற்றிப் போனது. கிண்ணம் ஈரமாக இருப்பதுபோல் தெரிந்தது. சாய்ந்த அடிப்பாகமும் தெரிந்தது. அதை மறைக்க நான் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசைமேலிருந்த ஆறையும் பார்த்தார்.

“ஒரு படுக்கை விரிப்பும் ஒரு அட்டையும்தானா?”

“ஆமா. அதோட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். போன் இருந்துச்சில்ல?”

நாலரை மணி. மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அவனுடைய ஆறு அழகான படங்கள். இன்னொரு பக்கம் சோப்புக் கிண்ணத்தின் ஒரே படம். ‘பொருள்களின் எண்ணிக்கை’ என்ற இடத்தில் ஐந்து போட்டால் போதும். நாலு வருஷம் வீணாகாது. பெட்டியில் போகப்போவது படத்தில் இருப்பதே. விதியையும் மீறவில்லை. என் பெயருக்குக் கீழே அந்தச் சாம்பல் கிண்ணங்களை யாராவது தொட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். மறுபடி கோபம்தான் வந்தது.

‘ஒன்று’ என்று போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில், மற்றவை சேதமாகிவிட்டன, மீண்டும் செய்துகொண்டிருக்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ஐந்துக்குக் குறைவாக உள்ள விண்ணப்பங்களைப் பரிசீலிக்க இயலாது, அடுத்த ஆண்டு முயலவும் என்று இரண்டே வரி. வீட்டுக்காரர் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்தார்.

“அன்னைக்கே அந்த அஞ்சை அனுப்பியிருந்தா...”

நான் திரும்பிப் பார்த்ததில் நிறுத்திவிட்டார்.

அந்த ஆறு கிண்ணங்களை அவர் பட்டறைக்கு எடுத்துப்போய்விடுவதாகச் சொன்னார். விடவில்லை. இப்போது மூவரும் அவற்றில்தான் சாப்பிடுகிறோம். தேய்த்த பூச்சில் கறை பிடித்தால் போகாது. ஸ்பூன் பட்டால் பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கேட்கும்போதும் அவர் என்னை நிமிர்ந்து பார்ப்பார், நான் என் கிண்ணத்தைப் பார்த்துச் சாப்பிடுவேன்.

“இன்னும் கோவம் போகலியா?” என்று நேற்றுக் கேட்டார்.

“இல்ல.”

அடுத்த ஆண்டுக்கான முதல் இரண்டு கிண்ணங்கள் சூளையிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. கொழுந்தன் கூப்பிடாமலே கறுப்புச் சட்டையோடு வந்து ஜன்னலில் விரிப்பைக் கட்டினான். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார்.

“நான் உள்ள வரலாமா?”

“கையைக் காட்டுங்க,” என்றேன்.

இரண்டு கையையும் விரித்து, திருப்பியும் காட்டினார்.

“பாக்கெட்டு?”