எழுப்புதலுக்கு ஆங்கிலம்

கலிபோர்னியாவின் மில்பிடாஸிலிருந்து இயங்கும் அந்த இணையச் சேனலில் நல்ல தமிழ் ப்ரியம்வதாவுக்குத்தான் என்று பெயர். போட்டிக்கு ஆள் இல்லாததும் ஒரு காரணம். ஆகவே, சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் ஓட்டைப் பற்றிய ‘எவாஞ்சலிகல்கள் யார் பக்கம்?’ என்ற அமெரிக்கத் தேர்தல் சிறப்பு நிகழ்ச்சிக்காக, சான் ரமோனில் வாடகை ஹாலில் கூடும் தமிழ்ச் சபைக்கு அவளையே அனுப்பினார் ஆசிரியர் சபரி.

“கையைத் தூக்கி அழற ஷாட் மஸ்ட். யாராவது சிரிச்சா கட் பண்ணிடு, நரேட்டிவ் கெட்டுடும்.” இது அவருடைய ஊடக அறம்.

சனிக்கிழமை காலை முன்னோட்டம் வெளியானது. “கலிபோர்னியாவில் எழுப்புதல் தாரும் ஆண்டவரே!” என்று பாஸ்டர் மன்றாடினார். கீழே ப்ரியம்வதா எழுதிய ஆங்கில வரியில் அவர் கலகம் கேட்டார்.

மதியத்துக்குள் பாஸ்டரின் மனைவி பொன்ராணி போன் செய்தார்.

“ஏம்மா, நல்லா இருப்ப, எழுப்புதல்னா ரிவைவலும்மா, விசுவாசம் புதுசா உசுர் பெறுதது! எங்க சபையில பாதி பேரு பிரசங்கத்துலயே தூங்குதாவ. அவியள எழுப்புனா போதும்னுதான் எங்க வீட்டுக்காரவுக கத்துதாவ. கலகம் எங்கேருந்து வந்துச்சு?”

“ஸாரி ஆன்ட்டி, எழுச்சின்னு நினைச்சு ‘அப்ரைசிங்’னு போட்டுட்டேன்.”

“ஹால் மேனேஜரு அதப் பாத்துட்டு, நாளையோட காலி பண்ணச் சொல்லிட்டாரும்மா. இந்த ஊர்ல வேற ஹாலுக்கு எங்க போவோம்?”

ப்ரியம்வதா நோட்டைத் திறந்தாள். “ஆன்ட்டி, உங்க சபை யாருக்குத்தான் ஓட்டு போடும்?”

“ஓட்டா? நாங்க கிரீன் கார்டு க்யூவுலல்லா நிக்கோம்! சிட்டிசன் மூணே பேரு. ஒருத்தரு அந்தக் கட்சி, ஒருத்தரு இந்தக் கட்சி. மூணாமத்தவரு யாருக்குப் போட்டாருன்னு அவரு சம்சாரத்துக்கே தெரியாது.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?”

“நீ கேக்கவே இல்லியேம்மா. கையத் தூக்கச் சொன்ன, தூக்குனோம்.”

விஷயத்தைக் கேட்ட சபரி நொந்துபோனார். “மூணு ஓட்டை வெச்சு என்ன வாக்கு வங்கி காட்டறது? எக்ஸ்பர்ட்டை வேற புக் பண்ணியாச்சு!” அந்த நிபுணர் எவாஞ்சலிகல் மனநிலை பற்றி எல்லாச் சேனல்களிலும் பேசுபவர். நடுநிலை கெட்டுவிடும் என்று எந்தச் சபைக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை.

“தப்பு என்னோடது. நானே கேமரா முன்னாடி சொல்றேன்.”

“உன் கிரெடிபிலிட்டி போயிடும்மா.”

“சொல்லலைன்னா அவங்க ஹால் போயிடும், சபரி.”

சபரி யோசித்தார். தப்பை ஒப்புக்கொள்ளும் முதல் சேனல் என்று பெயர் வரும் என்பது உறைத்ததும் முகம் மலர்ந்தது. “‘நேர்மையின் புதிய முகம்’னு தம்ப்நெயில் வை. என் போட்டோ போடு.”

போட்டோவோடு திருத்தம் அன்று மாலையே வெளியானது. அந்த ஒரு சொல்லின் அர்த்தத்தையும் மூன்று ஓட்டின் கதையையும் ப்ரியம்வதா நிதானமாகச் சொன்னாள். வீடியோவை மேனேஜருக்கு அனுப்பிவிட்டு போனிலும் பேசினாள். நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் அவர்.

ஞாயிறு காலை வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கலகத்தின் சாயலில் அவர் கண்டதெல்லாம், ஆராதனை முடிந்ததும் பிரியாணிக்கு நடந்த தள்ளுமுள்ளுதான். கிளம்பும்போது பொன்ராணியிடம், ஹால் உங்களுக்கேதான், மைக் சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் என்றார்.

“அதுக்குத் தனியா உபவாச ஜெபமில்லா இருக்கணும்” என்று தமிழில் முணுமுணுத்துவிட்டு, “யெஸ் சார்” என்றார் பொன்ராணி.