சிலிம் ரிவர் ரோட்டில் வராத டாங்கிகள்

சிங்கப்பூர் விழுந்தே தீரும். அது ஹாசிமுக்கும் தெரியும், லோகனுக்கும் தெரியும், நடுவராக உட்கார்ந்திருந்த தாமரைக்கும் தெரியும். நாற்பத்திரண்டாம் வருஷம் பிப்ரவரி நடுவில் வெள்ளைக்காரன் ஜப்பான்காரனிடம் கையைத் தூக்கினான். அதை இனி எந்தக் கொம்பனாலும் மாற்ற முடியாது. ஆனால் கிள்ளான் ஊரில், ஹாசிமின் துணிக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பொம்மைப் படைகளோடு அந்த மலாயாச் சண்டை மறுபடியும் மறுபடியும் நடந்துகொண்டிருந்தது. விளையாட்டில் வெள்ளைக்காரன் ஜெயிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. சரித்திரத்தில் தாக்குப்பிடித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்க வேண்டும். தோல்வியைத் தள்ளிப்போட்டாலே ஜெயம் என்று வைத்திருந்தார்கள். அந்த ஜெயம்கூட ஹாசிமுக்கு ஒரு தடவையும் கிடைத்ததில்லை.

அவன்தான் எப்போதும் வெள்ளைக்காரன். லோகன் எப்போதும் ஜப்பான். மாற்றி ஆடலாம் என்று லோகன் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டான். "தோக்குற சைட்லதாண்டா மூளைய கசக்கணும். ஜெயிக்கிறவனுக்கு என்ன வேல, நேரா ரோட்ட புடிச்சு வர வேண்டியதுதானே?" என்பான் ஹாசிம். லோகனும் நேரே ரோட்டைப் பிடித்துத்தான் வருவான். வந்து ஈவு இரக்கமில்லாமல் அடிப்பான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்ற தயவு தாட்சண்யமெல்லாம் மாடிப்படியோடு சரி.

துணி வெட்டும் மேசைதான் போர்க்களம். கடையில் மிஞ்சிய முரட்டுத் துணியில் மூன்று பேருமாக மலாயாவை வரைந்திருந்தார்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிள்ளி ஒட்டினால் ரப்பர் தோட்டம். விரல் நகம் அளவு டாங்கிகளுக்கு லோகன் தன் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு சாயம் பூசுவான். ஐம்பதை நெருங்கும் ஆம்பளைகளுக்குப் பொம்மை விளையாட்டா என்று கேட்காதவர்கள் கிடையாது. டிவியில் இருபத்திரண்டு பேர் பந்தை உதைப்பதைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை, இவர்களைத்தான் கேட்பார்கள். அதெல்லாம் இவர்கள் காதில் ஏறியதும் இல்லை.

அந்த மாடியில் ஒரு வழக்கம் இருந்தது. படைகளை எங்கே நகர்த்துவது என்று மேசைக்கு முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு தடவை தாமரையோடு மாடிப்படியில் இறங்கி, பாதிப் படியில் நின்று, காதோடு சொல்லிவிட்டு வர வேண்டும். பிறகு அவள் வந்து இரண்டு பக்கத்துப் படைகளையும் நகர்த்துவாள். சொன்னால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. ஒருவன் படியில் சொன்ன திட்டத்தை அவள் இன்னொருவனிடம் மூச்சு விடக்கூடாது. ஆட்டம் முடிந்த பிறகும் கூடாது, ஏனென்றால் நிறைவேறாத திட்டம் அடுத்த ஆட்டத்துக்கு ஆகும். தாமரை சுபாங் ஜெயாவில் வக்கீல். ரகசியம் காப்பது அவளுக்குத் தொழிலாகவும் இருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த போதுதான் ஹாசிமுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. தெரிந்தபோதே காலம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு எல்லோரும் ஹாசிமிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். கடைப்பையன்கள் எதிர்த்துப் பேசுவதில்லை. பாக்கி சரக்குக்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய அண்ணன் பீர் முகம்மது, "நீ சொன்னா சரிதான் தம்பி" என்று தலையாட்டினார். பெண்டாட்டி சுலைகா, கல்யாணமான நாளிலிருந்து சண்டையில் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காதவள், இப்போது அவன் எரிந்து விழுந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஹாசிம் வேண்டுமென்றே கறியில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிப் பார்த்திருக்கிறான். அவள் ஒன்றும் சொல்லாமல் வேறு கறி சமைத்துக்கொண்டு வந்து வைத்தாளாம். இதை அவனே லோகனிடம் சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு லோகனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஏன் என்று யோசிக்கவும் இல்லை.

"ஒரு ஆட்டம் ஆடிடலாம்டா. முழு ஆட்டம். கோத்தா பாருல தொடங்கி சிங்கப்பூர் வரைக்கும்," என்றான் ஹாசிம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நிறைய யோசித்திருக்கிறானாம். முகம் வற்றிப் போயிருந்தாலும் கண் பழைய கண்ணாகத்தான் இருந்தது.

முதல் இரண்டு ஞாயிறும் லோகன் வழக்கம்போல அடித்தான். ஜித்ரா போயிற்று, பினாங்கு போயிற்று, ஈப்போவும் போயிற்று. மூன்றாவது ஞாயிறு அவன் கம்யூட்டர் ரயிலை விட்டிறங்கிக் கடைக்கு வந்தபோது, கீழே புடவை அடுக்குகளுக்கு நடுவில் சுலைகா காத்திருந்தாள்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

"சொல்லுங்க."

"டாக்டர் கைய விரிச்சிட்டாரு, ஒங்களுக்குத் தெரியும். இது முடிஞ்சா இன்னொரு ஆட்டம் ஆட அவருக்குத் தெம்பு இருக்காது." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஒரே ஒரு தடவ அவர ஜெயிக்க விடுங்கண்ணே. ஒங்களுக்கு என்ன கொறஞ்சிடப் போவுது?"

லோகன் சரியென்று தலையை ஆட்டினான். படியேறும்போது, இது தனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டான். செத்துக்கொண்டிருக்கிற சிநேகிதனுக்கு ஈப்போவைக்கூட விட்டுக்கொடுக்காத தான் என்ன மனுஷன் என்று நினைத்தான். நல்ல மனசுதான், யார் இல்லை என்றது? ஆனால் நல்ல மனசு சில சமயம் மாடு போலக் கண்ணை மூடிக்கொண்டு நடக்கும்.

அன்றைக்குச் சண்டை சிலிம் ரிவர் பக்கம். மெயின் ரோடு ரப்பர் தோட்டத்தை ஊடுருவித் தெற்கே போகிறது. நிஜச் சண்டையில் ஜப்பான் டாங்கிகள் இந்த ரோட்டில் நிற்காமல் ஓடி வந்து பிரிட்டிஷ் படையை இரண்டாகக் கிழித்தன. ஹாசிம் எல்லா ஆட்டத்திலும் அந்த ரோட்டை இறுக்கி அடைப்பான், லோகன் எல்லா ஆட்டத்திலும் அதை உடைப்பான். இந்தத் தடவை ரோடு திறந்து கிடந்தது. ஹாசிமின் பஞ்சாபிப் படையும் கூர்க்காப் படையும் தோட்டத்துக்குள் தள்ளி நின்றன. மருந்து மயக்கத்தில் மறந்துவிட்டான் என்று லோகன் நினைத்தான். ஒரே ஓட்டத்தில் கதை முடிந்துவிடும். பாவம், இந்தப் பிழைக்காகவா அவன் கடைசி ஆட்டம் தோற்க வேண்டும்?

படியில் இறங்கித் தாமரையின் காதில் சொன்னான். "டாங்கி எல்லாம் நிக்கட்டும். ரோட்டுல போவ வேணாம்."

தாமரை அவனைப் பார்த்தாள். "நிக்கட்டுமா?"

"ஆமா."

"ரோடு தெறந்திருக்குண்ணே."

"பாத்தேன்லா. நிக்கட்டும்."

அவள் நகரவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எப்பவும் போல ஆடுங்கண்ணே," என்றாள் மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது. ஆட்டத்தில் ஏமாற்றாதே என்று சட்டம் பேசுகிறாள் என்று லோகன் எடுத்துக்கொண்டான். வக்கீல் புத்தி போகுமா?

"தாமரை, ஒனக்கு ஹாசிம் மேல பாசமே இல்லையா?" என்றான்.

தாமரை மேலே போய், ஹாசிமின் படைகளை அவன் சொன்ன இடங்களுக்கு நகர்த்தினாள். ஜப்பான் டாங்கிகளைத் தொடவில்லை. ஹாசிம் மேசைமேல் குனிந்து அந்த ரோட்டைப் பார்த்தான். பிறகு லோகன் முகத்தைப் பார்த்தான். "பெட்ரோல் வந்து சேரல," என்று லோகன் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தான். ஹாசிம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்தது. பிரிட்டிஷ் படை சேதமில்லாமல் தெற்கே பின்வாங்கியது. ஜொகூரில் லோகன் தயங்கித் தயங்கி வந்தான், பாலத்தடியில் வேண்டாத இடத்தில் ஆளை நிறுத்தினான். கடைசி ஞாயிறன்று சரித்திரத்தில் சிங்கப்பூர் விழுந்த நாளைத் தாண்டியும் வெள்ளைக்காரன் கொடி மேசைமேல் நின்றது. ஹாசிம் ஜெயித்துவிட்டான்.

சுலைகா ஓடிப்போய் வட்டலப்ப இனிப்பு கொண்டுவந்தாள். பீர் முகம்மதுகூட மேலே ஏறி வந்து தம்பியின் தோளைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஹாசிமும் அவர்களுக்காகச் சிரித்தான், ஒரு கரண்டி தின்றான். சுலைகாவும் அண்ணனும் கீழே போனதும் கிண்ணத்தை வைத்துவிட்டான்.

"சிலிம் ரிவர்ல ஏண்டா வரல?"

"பெட்ரோல்தான் சொன்னேன்ல..."

"லோகன்."

லோகன் தலையைக் குனிந்துகொண்டான். தாமரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் ரோட்ட மறந்து வுட்டேன்னா நெனச்ச? ஒனக்காகத்தாண்டா தொறந்து வெச்சேன். ஆஸ்பத்திரில ராவெல்லாம் வலி. அந்த ரோட்டத்தான் நெனச்சிக்கிட்டு கெடந்தேன். நீ உள்ள வந்ததும் என்ன செய்யணும், பின்னால எப்படிச் சாத்தணும், எல்லாம் யோசிச்சு வெச்சேன். இத்தன வருசத்துல மொத தடவ ஒன்ன அடிச்சிருப்பேன். இல்ல, அதயும் ஒடச்சிக்கிட்டுப் போயிருப்ப. எதுன்னு தெரிஞ்சிருக்கும்." மூச்சு வாங்கியது. "இப்ப ஒண்ணும் தெரியாது."

லோகன் எழுந்து டாங்கிகளை அள்ளினான். "தப்புத்தான்டா. மறுபடி வைப்போம். சிலிம் ரிவர் மட்டும். இப்பவே வைப்போம். நான் முழு பலத்தோட வரேன்."

"எப்படி வருவ? அங்க பொறி இருக்குன்னுதான் ஒனக்குத் தெரிஞ்சிப் போச்சே."

"தெரியாத மாதிரி வரேன்."

"அதான்டா," என்றான் ஹாசிம். கோபம்கூட இல்லை அவன் குரலில்; கோபப்பட்டிருந்தால் லோகன் தாங்கியிருப்பான். "இனிமே நீ எப்படி வந்தாலும், நெசமாத்தான் வர்றியான்னு நான் ஒன் மொகத்தயே பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அதுக்கு நேரமில்ல."

"அந்தத் திட்டத்தயாவது சொல்லு. எப்படிச் சாத்துறதா இருந்த?"

"வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்று சொல்லி ஹாசிம் கண்ணை மூடிக்கொண்டான். தாமரையும் சொல்லக் கூடாது என்று விரலை ஆட்டினான்.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் லோகன் ரயிலேறி வந்தான். கீழேயே சுலைகா தடுத்துவிட்டாள். தூங்குகிறார் அண்ணே, என்றாள். ஒரு தரம் மேலே இருமல் கேட்டது. ஹாசிம் தூங்கவில்லை என்று இருவருக்கும் தெரிந்தது. லோகன் புடவைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினான். ஒங்க புண்ணியத்துல ஜெயிச்சிட்டுப் போறாரு, அது போதும் என்று சுலைகா அவன் கையைப் பிடித்து அழுதபோது, அவளிடம் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டான். அவளை அவனால் கோபிக்க முடியவில்லை. கேட்டது அவள் என்றாலும் செய்தது அவன்.

ஹாசிம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மவுத்தானான். ஜும்மா தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள். லோகனும் மூன்று பிடி மண் போட்டான். பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக்கடையில் தாமரை காத்திருந்தாள். இருவருக்கும் இழுத்து ஆற்றிய தே தாரேக் டீ வந்தது. யாரும் தொடவில்லை.

"அது வேல செஞ்சிருக்குமா தாமரை? நான் போயிருந்தா தோத்திருப்பனா?"

"திட்டத்த நான் சொல்ல மாட்டேன்ணே. அவர் சொல்ல வுடல."

"அவனே போயிட்டான்."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்." அவள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படியில நின்னு எனக்குத் தொண்ட வரைக்கும் வந்திருச்சு. 'போங்கண்ணே, அவர் ஒங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்காரு'ன்னு ஒரு வார்த்த. நடுவர்னு வாய மூடிக்கிட்டேன். சொல்லியிருக்கணுமோ என்னமோ, தெரியல. ஆனா திட்டத்த தவிர வேற ஒண்ணு சொன்னாரு, அத சொல்லலாம்."

லோகன் நிமிர்ந்தான்.

"எல்லாம் சொல்லி முடிச்சதும் நான் கேட்டேன், 'பாய், ஒருவேள லோகன் அண்ணே வராம நின்னுட்டா என்ன செய்வீங்க'ன்னு. நல்ல ஆட்டக்காரர்னா அதுக்கும் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கணும் இல்லையா? அவர் சிரிச்சிட்டாரு. 'வீட்டுலயும் கடையிலயும் எல்லாரும் என்ன இப்பவே அடக்கத்துக்கு வெச்ச மையத்தா பாக்க ஆரம்பிச்சிட்டாங்கம்மா. அவன் ஒருத்தன்தான் இன்னும் என்ன அடிக்க வருவான்'னாரு." தாமரை டம்ளரைத் தள்ளி வைத்தாள். "நீங்க வராட்டி என்னன்னு அவர் யோசிக்கவே இல்லண்ணே."