குடைப் படத்துக்கு விழுந்த வாக்குகள்

அன்று வாக்கு எண்ணும்போது அறையில் இருந்தவர்கள் இன்னார் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு "நானும் அங்கதான் இருந்தேன்" என்று கிளம்பியவர்களை எல்லாம் ஏற்றினால் ஒரு பேருந்து போதாது. இருந்தவர்கள் ஆறே பேர். கஸ்டம்ஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவர் மனைவி. அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் திரைப்பட மன்றத்துக்குச் செயலாளரான பல் டாக்டரம்மா. தரைத்தளத்தில் பேக்கரி வைத்திருப்பவர். புரொஜக்டரை வேறு யாரையும் தொட விடாததால் 'ரிமோட்' என்று பெயர் வாங்கிய நான்காம் மாடிக்காரர். ஆறாவது ஆள் பெரியவரின் தம்பி மகன். சினிமா இயக்குநன். அவன் எடுத்த படமும் போட்டியில் இருந்தது என்பதுதான் எல்லா வினைக்கும் வித்து.

போட்டி இதுதான். அண்மை ஆண்டுகளில் வந்த படங்களில் குடியிருப்புக்காரர்கள் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஞாயிறுதோறும் பொது அறையில் திரையிட்டார்கள். திரையின் நடுவில் ஒரு மடிப்பு உண்டு. எந்தக் கதாநாயகி வந்தாலும் அவள் மூக்கு அந்த மடிப்பில் ஒருமுறை ஒடிந்துதான் நிமிரும். பத்தையும் பார்த்து முடித்தபின் எல்லோரும் வாக்களித்து வரிசைப்படுத்த வேண்டும். முதலிடம் பெறும் படத்தைத் தெருமுனைத் தியேட்டரில் ஒரு வாரம் ஓட்டுவதாக அதன் முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். அவர் டாக்டரம்மாவிடம் பல் கட்டிக்கொண்டவர். வாய் திறந்திருந்த வேளையில் வாங்கிய வாக்குறுதி அது. மறுக்க அவருக்கு நாக்குப் புரளவில்லை.

தம்பி மகனின் படத்தில் ஒருவன் பேருந்தில் குடையை மறந்துவிட்டு இறங்குகிறான். பிறகு மூன்று மணி நேரம் அதைத் தேடுகிறான். கடைசியில் மழை வருகிறது. படம் வெளியானபோது இதே தெருமுனைத் தியேட்டரில்தான் ஓடியது, மூன்று நாள். மூன்றாம் நாள் பார்த்தவர்களில் டிக்கெட் கிழிப்பவரும் ஒருவர். இப்போது ஒரு வாரம் மறுபடி ஓடினால், அடுத்த படத்துக்கு ஒரு தயாரிப்பாளராவது போனை எடுப்பார் என்று பையன் நம்பிக்கொண்டிருந்தான்.

வாக்குப்பதிவை நடத்தித் தரும்படி டாக்டரம்மா கேட்டு வந்தபோது பெரியவர் முதலில் மறுத்தார். "என் தம்பி பையன் படம் இருக்கு. நான் உக்காரக் கூடாது."

"நீங்க உக்காந்தாத்தான் சார் யாரும் வாயத் திறக்க மாட்டாங்க. வேற யாரை வச்சாலும் அடிதடிதான்."

பெரியவர் யோசித்தார். ஒதுங்கிக்கொண்டால், தம்பி மகனுக்காகத் தவறு செய்துவிடுவோமோ என்று தம்மையே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். இந்தக் குடும்பத்தில் பிறந்தவன் தன்னைத்தானே சந்தேகப்படுவதா? முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் அடுத்தவன் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அல்லர் அவர். இரவல் பேனா கையூட்டின் முதல் படி என்பது அவர் கட்சி. தம் பாக்கெட்டில் உள்ள பேனாவில் உத்தியோகக் காலத்துப் பச்சை மையை ஊற்றி, அதில்தான் பால்காரருக்குச் சீட்டெழுதுவது வரை நடக்கும். அப்பேர்ப்பட்டவர் சம்மதித்தார். ஆனால் முறை தம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்.

டாக்டரம்மா, ஆளுக்கு ஒரு படத்துக்கு ஒரு வாக்கு என்று எளிதாக முடிக்க நினைத்திருந்தார்.

"ஏன் டாக்டரம்மா, ஒரு பல்ல மட்டும் பாத்துட்டு வாய் நல்லாருக்குன்னு எழுதிக் குடுப்பீங்களா? பத்தையும் பாக்கணும். பத்துக்கும் எடம் போடணும். முதல் எடத்துக்குப் பத்து மார்க், ரெண்டாவதுக்கு ஒம்பது, அப்படியே எறங்கிக் கடைசிக்கு ஒண்ணு. எல்லாத்தையும் கூட்டுங்க. ஒருத்தனும் தப்ப முடியாது."

ஒருவரும் தப்ப முடியவில்லைதான். தம் தலையில் விழப்போகிற தேங்காய்க்குத் தாமே மரம் வளர்த்தவர் என்று பின்னால் ரிமோட் சொன்னார். அதை அவர் பெரியவரின் முகத்துக்கு எதிரே சொல்லவில்லை.

வாக்குப்பதிவு அன்று பெரியவர் பொது அறை வாசலில் மேசை போட்டு அமர்ந்தார். மேசையில் பேக்கரிக்காரர் கொடுத்த தகர ரொட்டிப் பெட்டி. நூலில் கட்டிய மன்றத்துப் பேனா. வாக்காளர்கள் சீட்டைத் தாங்களே பெட்டிக்குள் போடக் கூடாது. மடித்து அவர் கையில் தர வேண்டும், அவர் போடுவார். கள்ள ஓட்டைத் தடுக்க இதைவிடச் சிறந்த வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சீட்டை வாங்கும்போது ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு கணம் பார்த்தார். "பெட்டிய கொஞ்சம் தெறங்க" என்று எத்தனையோ பயணிகளிடம் சொல்லிப் பழகிய பார்வை அது. சீட்டு கொடுத்தவர்களுக்குக் காரணமில்லாமல் வியர்த்தது. இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் கொடுத்த சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய், எதையோ அடித்துத் திருத்திக்கொண்டு வந்தார். "யோசிச்சு எழுதுறார், நல்ல மனுஷன்" என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

மதியம் எண்ணிக்கை. டாக்டரம்மா சீட்டைப் பிரித்து வாசிக்க, ரிமோட் வெள்ளைப் பலகையில் மார்க்கைப் போட்டார். பேக்கரிக்காரர் எல்லோருக்கும் பன் கொண்டுவந்து, அதில் பாதியைத் தாமே தின்றுகொண்டிருந்தார். தம்பி மகன் கதவோரம் நின்று நகத்தைக் கடித்தான். பெரியவரின் மனைவி அவன் கையில் ஒரு பன்னைத் திணித்து, "நகத்த விட்டுட்டு இதக் கடி" என்றார்.

முதல் சீட்டு. முதலிடம் கல்யாண வீட்டுச் சண்டைப் படத்துக்கு. "குடைப் படம், ரெண்டாவது எடம்."

தம்பி மகன் நிமிர்ந்தான்.

இரண்டாம் சீட்டில் முதலிடம் பேய்ப் படத்துக்கு. "குடைப் படம், ரெண்டு." மூன்றாவதில் முதலிடம் குதிரைப் படத்துக்கு. குடை, மறுபடியும் இரண்டு. அதற்கடுத்ததிலும் இரண்டு.

பெரியவரின் காதுமடல் சிவந்தது. அந்தப் படம் ஓடிய ஞாயிறு அவர் நினைவில் இருந்தது. பாதிக்கு மேல் அந்த அறையில் கேட்ட வசனம் பேக்கரிக்காரரின் குறட்டை ஒன்றுதான்.

நடுவில் ஒரு சீட்டைப் பிரித்த டாக்டரம்மா சற்று நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "குடைப் படம்... ஒம்பதாவது எடம்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு அந்தச் சீட்டை மற்றவற்றின் அடியில் செருகினார். ஆனால் அவர் செருகும் முன்பே ரிமோட் பார்த்துவிட்டார். மற்ற சீட்டெல்லாம் கறுப்பு மை. அது பச்சை.

"ஒம்பதா? யாருங்க அந்தப் புண்ணியவான்?" என்றான் தம்பி மகன்.

"ரகசிய வாக்கு" என்றார் பெரியவர், கூரையைப் பார்த்து.

அதன்பின் மீண்டும் இரண்டு, இரண்டு, இரண்டு. கூட்டி முடித்தபோது குடைப் படம் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு உச்சியில் நின்றது. ஒரு சீட்டில்கூட அதற்கு முதலிடம் இல்லை. இருந்தும் முதலிடம் அதற்கே. மற்ற படங்கள் ஆளுக்கொரு பக்கம் வாக்கைப் பிய்த்துக்கொண்டிருக்க, இது மட்டும் எல்லார் வீட்டிலும் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்து வயிறு நிறைத்திருந்தது.

பேக்கரிக்காரர் பன்னைக் கீழே வைத்தார். பேய்ப் படத்துக்காக மூன்று வாரம் கடையில் பிரசாரம் செய்தவர் அவர். "நான் தப்பா எதுவும் சொல்லல ஐயா. ஆனா உங்க மேசை, உங்க முறை, உங்க கையாலதான் பெட்டிக்குள்ள போட்டீங்க, உங்க தம்பி பையன் படம். நாளைக்குக் கடைக்கு வர்றவன் கேப்பானா மாட்டானா?"

"என்னன்னு கேப்பான்?"

"அத என் வாயால வேற சொல்லணுமா?"

டாக்டரம்மாவின் விரல் அடியில் இருந்த பச்சைச் சீட்டின் நுனியைத் தொட்டது. அதை எடுத்துக் காட்டினால் போதும். சொந்தத் தம்பி மகனுக்கு ஒன்பதாம் இடம் போட்டவர் மீது எவன் பழி சொல்வான்? அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர், யாருக்கும் தெரியாத அளவில், தலையை இடமும் வலமும் அசைத்தார். வேண்டாம்.

கதவருகே நின்ற பையனின் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. அதை அணைத்துத் தம் பெயரை விளக்கிக்கொள்வதா? போகட்டும். முப்பத்தைந்து வருஷம் துடைத்துத் துடைத்து வைத்த பெயர். பேக்கரி வாசலில் கொஞ்சம் மாவு ஒட்டினால் ஒட்டட்டும். பெரியவர் முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். அவர் முதுகு அதற்கு மேல் நிமிர இடம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க, வாய மூடிட்டு உக்காந்திருக்கீங்க? உங்கள ஒருத்தர் திருடன்னு சொல்லுவார், நான் பன்னு தின்னுக்கிட்டு கேக்கணுமா?" என்று எழுந்து வந்து, டாக்டரம்மாவின் விரலடியிலிருந்து சீட்டை உருவி, பேக்கரிக்காரரின் மூக்குக்கு நேரே பிடித்தார். "இந்தக் கட்டடத்துல பச்ச மைல எழுதுற ஆளு எத்தன பேருங்க?"

பேக்கரிக்காரர் படித்தார். படித்துவிட்டு, வாயில் மிச்சமிருந்த பன்னை விழுங்க முடியாமல் விழித்தார்.

ரகசிய வாக்கைக் கட்டிக் காத்தவர், மன்றத்துப் பேனாவைத் தொட மறுத்து, தம் வாக்கை ஊருக்கே அறிவித்திருந்தார்.

"பெரியப்பா..." என்றான் தம்பி மகன். "நீங்களா?"

"நான்தான்."

"ஒம்பதா?"

"ஒம்பது."

பெரியம்மா பையன் பக்கம் போக எத்தனித்தார். அதற்குள் அவன் சிரித்துவிட்டான். "அப்பாடா! ஒருத்தராவது படத்தப் பாத்திருக்கீங்களே! சரி, சொல்லுங்க. எது புடிக்கல?"

"சொல்லட்டுமா?"

"சொல்லுங்க பெரியப்பா."

"பஸ்ஸு டிப்போவுக்குப் போறான். அங்க தொலைஞ்ச பொருள் வைக்கிற ரூம் இருக்குன்னு போர்டு தெரியுது. நானே பாத்தேன். உள்ள போய்க் கேக்க வேண்டியதுதானே? கேக்காம கடக்கரைக்குப் போயி அலைய வேடிக்க பாக்கறான். அம்பது நிமிஷம்டா! நான் டூட்டில இருந்தா அந்தக் குடைய அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் குடுத்திருப்பேன்."

அந்தப் பலகை சட்டகத்துக்குள் விழுந்ததை எடுத்தவனும் கவனிக்கவில்லை, வெட்டி ஒட்டிய எடிட்டரும் கவனிக்கவில்லை, விமர்சனம் எழுதிய ஒருவரும் கவனிக்கவில்லை.

"அப்ப மத்தவங்க எல்லாம் ஏன் ரெண்டு போட்டீங்க?" என்று அவன் திரும்பினான்.

ரிமோட் பலகையைத் துடைப்பது போல் பாவனை செய்தார். பிறகு ஒப்புக்கொண்டார். "சீட்ட அவர் கைலல்ல குடுக்கணும்? அந்தப் பார்வையப் பாத்துட்டு எவன்யா பத்துன்னு போடுவான்? அதுக்காக முதல் எடமும் குடுக்க முடியுமா? அது பொய்யில்ல? முதல் எடம் மனசாட்சிக்கு, ரெண்டாவது மரியாதைக்கு."

"நானும் அதேதான் சார்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

எல்லோரும் பேக்கரிக்காரரைப் பார்த்தார்கள். "நான் தூங்கிட்டேன். தூங்குன படத்துக்கு ரெண்டுக்குக் கீழ போட்டா பாவம்" என்றார் அவர்.

"பாவமா? இப்பத்தான என்னைத் திருடன்னீங்க?"

"உங்களச் சொல்லல ஐயா. கடைக்கு வர்றவன் சொல்லுவான்னேன்."

பெரியவர் தம்பி மகனிடம் திரும்பினார். "நீ எத்தன போட்ட?"

அவன் காதைச் சொறிந்தான். "நானும் ரெண்டுதான். என் படத்துக்கு நானே முதல் எடம் போட்டா அசிங்கமா இருக்காது?"

பெரியம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அவர் தாமாகவே, "நான் அந்தக் கல்யாணச் சண்டைக்குத்தான் முதல் எடம்" என்றார். இரண்டாம் இடம் யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

பெரியவர் எழுந்தார். ரொட்டிப் பெட்டியை மூடினார். "உள்ள ஒண்ணு வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு எழுதிக் கொண்டாந்த சரக்குக்கு எங்க ஆபீஸ்ல ஒரே சட்டம்தான். பறிமுதல். அத்தனை சீட்டும் செல்லாது. மறுபடி போடுங்க."

"அப்ப என் ஒரு வாரம்?" என்றான் பையன்.

"மரியாதைல வந்த வாரம் நமக்கெதுக்குடா? நம்ம வீட்ல யாரும் அப்படி வாங்குனதில்ல."

பையன் பன்னைக் கடித்தான். அதைச் சம்மதம் என்று பெரியம்மா எடுத்துக்கொண்டார்.

மறுவாக்குப்பதிவில் பெட்டி, டாக்டரம்மாவின் பல் மருத்துவமனை வரவேற்பறையில் வைக்கப்பட்டது. உள்ளே டிரில் ஓடும் சத்தத்தில் யாருக்கும் மரியாதைக்குப் பொய் எழுதத் தோன்றாது என்பது அவர் கணக்கு. சீட்டை அவரவரே போட்டார்கள். மேசையருகே யாரும் இல்லை. பெரியவரும் வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தார். இம்முறை அவர் மனைவி பக்கத்தில் நின்று, தம் கைப்பையிலிருந்த கறுப்புப் பேனாவைக் கொடுத்தார். பெண்டாட்டி பேனா இரவலில் சேராது என்று அவரைச் சம்மதிக்க வைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

முடிவு வந்தது. கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கடத்தல் பெட்டியை விட்டுவிடும் கஸ்டம்ஸ் அதிகாரியைப் பற்றிய படம் முதலிடம் பெற்றது. திரையிட்ட ஞாயிறன்று "அந்தச் சட்டைல பட்டன் தப்பு!" என்று பெரியவர் உரக்கச் சொன்ன அதே படம். தேர்தல் அதிகாரி என்ற முறையில் அவர்தான் முடிவை அறிவிக்க வேண்டும். அறிவித்தார். ஒவ்வொரு சொல்லாக, மாத்திரையை விழுங்குகிறவர் போல.

குடைப் படம் ஏழாம் இடத்துக்கு வந்தது. தம்பி மகன் கடற்கரைக் காட்சியை வெட்டி எறிந்தான். பெரியப்பாவே ஒன்பதாம் இடம் போட்ட படம் எப்படித்தான் இருக்கும் என்று தெருவே கேட்கத் தொடங்கியதால், தியேட்டர் முதலாளி அதற்கும் ஒரு ஞாயிறு காலைக் காட்சி ஒதுக்கினார். பேக்கரிக்காரர் முன் வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை விழித்திருந்தார். பெரியம்மா பக்கத்து இருக்கையில் ஊசியோடு பின்னல் வேலை செய்துகொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதெல்லாம் சரி. ஆனால் பேக்கரியில் பன்னோடு சேர்த்து இன்றும் ஒரு கதை விற்பனையாகிறது. பெரியவர் சொந்தத் தம்பி மகனின் படத்தைப் பத்தாவதாக, கடைசி இடத்தில் போட்டார் என்று. அது தவறு. இரண்டு முறையும் ஒன்பதாவது இடத்தில்தான் போட்டார். பத்தாவது இடம், கைக்கடிகாரம் வாங்கிய அந்த அதிகாரிக்கு.